கட்டுவதற்கு முன் கேட்கும் கேள்வி

1

இந்த ஆவணியோடு நான் தங்கவயலுக்கு வந்து பத்து வருஷம் நிறைகிறது. விஜய வருஷம் ஆவணியில் வந்தேன், இது சோபகிருது. அப்போது பௌரிங்பேட்டையில் ரயிலை விட்டு இறங்கி மிச்ச வழியை மாட்டுவண்டியில் கடந்தேன். மறு வருஷமே மாரிகுப்பம் வரை தண்டவாளம் வந்துவிட்டது. போன வருஷம் காவேரி நீர்வீழ்ச்சியிலிருந்து கம்பி வழியாக மின்சாரமும் வந்தது. இவற்றையெல்லாம் வந்த நாளோடு குறித்து வைப்பது என் பழக்கம். பத்தாம் வருஷத்துக்கு இவற்றைத் தொகுத்து நம் பக்கத்து வாசகர்களுக்கு ஒரு கட்டுரை அனுப்பலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

அந்த வாரத்தில் ஆரணிப் பக்கத்திலிருந்து வேலை தேடி ஒருவர் வந்தார். என் வீட்டில் சாப்பிட்டு முடித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி கூலியைப் பற்றியதல்ல.

"இங்க ஆஸ்பத்திரியில ஆள கையும் காலும் சேத்துக் கட்டி அறுக்கறாங்களாமே, மெய்யா?"

நான் ஒரு சுரங்கத்தின் ஆஸ்பத்திரியில் ரைட்டராக இருக்கிறேன். வெள்ளைக்கார டாக்டர் துரைக்கும் நோயாளிகளுக்கும் நடுவில் நின்று பேச்சை மாற்றிச் சொல்வதும் என் வேலை. நோயாளி தமிழில் சொன்னால் சிரமமில்லை. தெலுங்கில் சொன்னால் சமாளிப்பேன். கன்னடத்தில் சொன்னால் என் மகளைக் கேட்டு வந்திருக்கலாமே என்று தோன்றும். அவள் எண்ணுவதே ஒந்து, எரடு என்றுதான். மகன் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டான். வந்தவர் கேட்டதை ஓரமாக நின்று கேட்டுவிட்டு, என் பக்கம் திரும்பி, "ஏம்பா, உங்க ஊர்ல ஆஸ்பத்திரியே இல்லியா?" என்றான். ஊர் எனக்கு மட்டும் சொந்தமாகிவிட்டது.

கட்டுவது உண்மை. ஆனால் கட்டுவதற்கு முன்னால் ஒரு கேள்வி உண்டு. ஆனி மாதத்தில் அந்தக் கேள்விக்கு ஒரு மனிதனிடமிருந்து பதில் வாங்குவதற்குள் நாங்கள் பட்ட பாட்டை எழுதுகிறேன். வந்தவருக்கு அன்று அரைகுறையாகச் சொன்னதற்கு இதுவே முழுப் பதில்.

2

மூத்திரப்பையில் கல் இருந்தால் அதை எடுக்க ஆளை மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்கால்களை மடக்கி, தொடைகளை வயிற்றின் பக்கம் தூக்கி நிறுத்த வேண்டும். இடது கை இடது பாதத்தையும் வலது கை வலது பாதத்தையும் பிடித்திருக்கும்படி வைத்து, மணிக்கட்டையும் கணுக்காலையும் துணியால் சேர்த்துக் கட்டுவது வழக்கம். குளோரோபாரம் மயக்கத்திலும் உடம்பு துள்ளும். கத்தி உள்ளே இருக்கும்போது துள்ளினால் ஆள் பிழைப்பது கடினம். அதனால் கட்டு.

போன வருஷம் இப்படிக் கட்டிச் செய்த ஒருவருக்குக் கல் சுகமாக வெளியே வந்தது. அவர் சுரங்கத்துக்குள் மரத்தூண் நிறுத்தும் வேலைக்காரர். மயக்கம் தெளிந்து, புண் ஆறி, எழுந்து நின்றபோது வலது பாதம் தொங்கியது. முன்பாதத்தைத் தூக்க முடியவில்லை. அறுத்தது வேறு இடம், கெட்டது வேறு இடம். அவர் இப்போதும் அந்தக் காலை இழுத்து இழுத்துத்தான் நடக்கிறார். வேலைக்காரர்கள் குடியிருக்கும் லைன் முழுக்க ஒரே பேச்சு: டாக்டர் கல்லை எடுத்துக்கொண்டு நொண்டிக் காலைக் கொடுத்துவிட்டார்.

டாக்டர் துரை அதை மறைக்கவில்லை. முழங்காலுக்கு வெளிப்பக்கம், எலும்பை ஒட்டி ஒரு நரம்பு ஓடுகிறது. மயக்கத்தில் கிடப்பவனுக்கு அது நசுங்குவது தெரியாது, வலிக்கிறது என்று சொல்ல அவனுக்கு வாயும் இல்லை என்று என்னிடமே விளக்கினார். நான் கையில் கிடைக்கும் வைத்தியப் புத்தகங்களையெல்லாம் படிப்பவன். அந்த விஷயத்தை எந்தப் புத்தகத்திலும் அவ்வளவு தெளிவாகப் படித்ததில்லை.

அன்றிலிருந்து ஒரு புது ஏற்பாடு. ஆபரேஷனுக்கு முதல் நாள், ஆள் முழு நினைவோடு இருக்கும்போதே அதே மேஜையில், மறுநாள் எப்படிக் கிடக்கப்போகிறானோ அப்படியே படுக்கவைப்பார். எங்கே இழுக்கிறது, எங்கே எலும்பு பலகையில் இடிக்கிறது, பழைய முறிவு ஏதாவது உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். எலும்பும் தோலுமாக இருப்பவனுக்குப் பஞ்சு மெத்தை கூடுதலாகப் போடச் சொல்வார். கடைசிக் கேள்வி எப்போதும் ஒன்றே. கையிலோ காலிலோ எங்காவது மரத்துப்போயிருக்கிறதா?

ஏற்கெனவே மரத்திருந்தால் அந்த நரம்பு முன்பே நைந்திருக்கிறது என்று அர்த்தம். தேய்ந்த கயிற்றில் ஆள் இறங்கும் சுரங்கக் கூண்டை இறக்குவது மாதிரி, சின்ன அழுத்தமே போதும், அறுந்துவிடும். அப்படிப்பட்டவனைக் கட்டக்கூடாது. கட்டாமல் செய்வதானால் கால்களைப் பிடிக்க ஆள் வேண்டும், கத்தி நழுவும் அபாயமும் கூடும். ஆகவே உண்மையான பதில் வேண்டும்.

அந்தக் கேள்விக்கு மட்டும் எல்லோரும் ஒரே பதில் சொன்னார்கள். இல்லை. நான் மூன்று பாஷையில் கேட்டேன். மூன்றிலும் இல்லை.

3

ஏழுமலை ஆனி மாதத்தில் வந்தார். குடியாத்தம் பக்கத்துக்காரர். சுரங்கத்தில் துளைக்கம்பி பிடிப்பது அவர் வேலை. பாறையில் வெடி வைக்கத் துளை போடும்போது ஒருவன் கம்பியைப் பாறையில் ஊன்றிப் பிடித்து, ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் திருப்பிக் கொடுப்பான். இன்னொருவன் சம்மட்டியால் அடிப்பான். ஏழுமலைக்குச் சம்மட்டி அடிப்பவன் அவருடைய மைத்துனன் கோவிந்தன். மனைவி அஞ்சலையின் தம்பி.

கல் வந்து வழியை அடைத்துக்கொண்டிருந்தது. சொட்டுச் சொட்டாகத்தான் நீர் போயிற்று. அவர் கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தார். அடுத்த நாள் காலையே எடுத்துவிட வேண்டும், தள்ளிப்போடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மேஜையில் படுக்கவைத்துப் பார்த்தோம். குந்தி உட்கார்ந்தே பழகிய உடம்பு, முழங்கால் சுலபமாக மடங்கியது. பஞ்சு எங்கே வேண்டும் என்று டாக்டர் தொட்டுத் தொட்டுச் சொன்னார். ஆஸ்பத்திரி அசிஸ்டெண்ட் தேவசகாயம் குறித்துக்கொண்டார். கடைசிக் கேள்வியைக் கேட்டேன்.

"மரத்துப்போறதா? அதெல்லாம் ஒண்ணுமில்ல ரைட்டரய்யா. கல்லுதான் உசுர எடுக்குது, அத்த எடுத்துடச் சொல்லுங்க."

இல்லை என்று ஆங்கிலத்தில் சொன்னேன். கட்டுவதென்று முடிவாயிற்று.

சாயங்காலம் அஞ்சலை கஞ்சி கொண்டுவந்தாள். தகரக் குவளையில் ஆவி பறந்தது. முந்தானையைச் சுருட்டிப் பிடித்துத்தான் அவளால் அதைத் தூக்க முடிந்தது. ஏழுமலை இடது கையை நீட்டி வாங்கினார். சுண்டுவிரலும் மோதிரவிரலும் குவளையின் மேல் அழுந்தியிருந்தன. மற்ற விரல்கள் உடனே துள்ளி விலகின. அந்த இரண்டும் விலகவில்லை. அஞ்சலை சட்டென்று குவளையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். அவள் கண் என் மேல் இருந்தது.

4

அவளை வராந்தாவுக்குக் கூப்பிட்டுக் கேட்டேன். இதை டாக்டரிடம் மறைத்துவிட்டுக் கையைக் கட்டினால் கை முழுவதுமே போய்விடலாம் என்றேன். போன வருஷத்து ஆளின் பாதத்தைச் சொன்னேன். அவள் குரலைத் தாழ்த்தித்தான் பேசினாள். ஆனால் அதைவிட உரக்க யாரும் என்னிடம் பேசியதில்லை.

"வெரலு மரத்துப்போச்சுன்னா இங்க இன்னா பேரு வைப்பாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா? குஷ்டம்னுவாங்க. வேல டிக்கெட்டப் புடுங்கிக்குவாங்க. தட்டி வீட்டக் காலி பண்ணச் சொல்லுவாங்க. எங்க தண்ணிக் கொடத்தத் தொட வுட மாட்டாங்க."

டாக்டர் அதற்காகக் கேட்கவில்லை என்றேன்.

"ப்ளேக்கு வருஷத்துல கூட அப்டித்தான் சொன்னாங்க. சும்மா அக்குளப் பாக்கறோம்னாங்க. எம் மாமியா காட்டிச்சு. ஊருக்கு வெளிய ப்ளேக்குக் கொட்டாய்க்கு இட்டுனு போனாங்க. பொணத்தக் கூட எங்க கண்ணுல காட்டல. அப்பலேர்ந்து எங்க ஒடம்புல இன்னா கீதுன்னு நாங்களா வாயத் தெறக்கறதில்ல. நீங்க எழுதற ஆளு, எழுதிட்டுப் போயிடுவீங்க."

அந்த விளம்பி வருஷத்தை நானும் மறக்கவில்லை. பௌரிங்பேட்டைக்குப் போய் வரக்கூட அப்போது கையில் பாஸ் வேண்டும். கோலாரிலிருந்து வந்த ஓர் அதிகாரி என்னைக் கழுத்துப் பட்டையை அவிழ்க்கச் சொல்லி, பாஸில் இருக்கும் ஆள் நான்தானா என்று இரண்டு தடவை கேட்டார். எனக்கு அது அவமானத்தோடு போயிற்று. அவளுக்கு அப்படிப் போகவில்லை.

நானே போய் டாக்டரிடம் சொல்லிவிடலாம். ஆனால் நான் கண்டது ஒரு குவளையைப் பிடித்த விதத்தை மட்டும். எப்போதிலிருந்து, எதுவரை, இரண்டு கையுமா, பாதத்திலும் உண்டா என்றெல்லாம் டாக்டர் கேட்பார். அதெல்லாம் ஏழுமலையின் வாயிலிருந்துதான் வர வேண்டும். அவர் மறுத்தால் என் சொல்லுக்கு என்ன பெறுமானம்? ஷிப்ட் விட்டு வரும் கோவிந்தனுக்காகக் காத்திருந்தேன். கம்பி பிடிக்கும் கையைச் சம்மட்டிக்காரனைவிட நன்றாக அறிந்தவன் யார்?

5

கோவிந்தன் சேற்று உடம்போடு நேரே வந்தான். எதையும் வேடிக்கையாகப் பேசுகிறவன். கட்டிலருகே வந்ததுமே, "இன்னா மாமா, வெளிய இருக்கற தங்கப்பாற ரீஃபெல்லாம் பத்தாதுன்னு உள்ளயே ஒண்ணு வளத்துட்டியாமே?" என்றான். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஏழுமலையும் வலியோடு சிரித்தார்.

வெளியே அழைத்துப்போய்ச் சொன்னதும் அவன் முகம் மாறியது. தனக்கு முன்பே தெரியும் என்றான். சில மாதமாகவே மாமன் கம்பியைச் சரியாகத் திருப்புவதில்லை. அடி விழும்போது கம்பி ஆடுகிறது. சம்மட்டி எங்கே கை மேல் இறங்கிவிடுமோ என்று ஒவ்வொரு அடியையும் பயந்து பயந்து அடிக்கிறான். அவனும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அக்காள் குடும்பம் தெருவில் நிற்கும்.

நான் அவனை ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை. அவன் தானாகவே உள்ளே போனான்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். சுரங்கத்தில் ஒரு ஷிப்ட் வெடி வைத்தபின் ஏதாவது துளை வெடிக்காமல் நின்றுபோனால், அடுத்த ஷிப்டுக்கு அதைச் சொல்லாமல் மேலே வரக்கூடாது. எந்த ஆழத்து லெவல், எந்தப் பாறைமுகம், எந்தத் துளை என்று ஆளைப் பார்த்துச் சொல்ல வேண்டும். சொல்லாமல் வந்தால், தெரியாமல் அதில் கம்பியை வைக்கிறவன் செத்தான். திருடனைக்கூட மன்னிப்பார்கள். வெடிக்காத துளையை மறைத்தவனோடு ஒரே கூண்டில் இறங்கமாட்டார்கள்.

கோவிந்தன் கட்டிலின் ஓரத்தில் குந்தினான்.

"மாமா, நாளைக்குக் காலைல உன்ன யாரு கையில குடுக்கறோம்?"

"டாக்டரு கையில."

"அதான் அடுத்த ஷிப்டு. அவரு இன்னைக்கு நம்மகூட உள்ள இருந்தாரா?"

"இல்ல."

"வெடிக்காத தொள எங்க கீதுன்னு அவருக்கு யாரு சொல்றது?"

அஞ்சலை, "டேய் கோவிந்து," என்றாள், அவ்வளவுதான். தம்பி அவள் பக்கம் திரும்பவில்லை. பக்கத்துக் கட்டில்களில் பேச்சு நின்றுவிட்டது. வலி ஒரு சுற்று வந்து போகும்வரை ஏழுமலை கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பிறகு இடது கையைப் போர்வைக்கு வெளியே எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இந்த ரெண்டு வெரலு. தை மாசத்துலேர்ந்து. மொழங்கைலேர்ந்து வருது. காலு நல்லாத்தான் கீது. சொல்லிடுங்க."

டாக்டரிடம் ஓடினேன். ஓடினேன் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

6

டாக்டர் வந்து அந்தக் கையை வெகுநேரம் பார்த்தார். ஊசியால் தொட்டார், முழங்கையின் உட்பக்கத்தை விரலால் உருட்டினார், உடம்பில் தேமல் ஏதாவது உண்டா என்று முதுகுவரை பார்த்தார். தேமல் இல்லை. அது குஷ்டமா என்று நானே கேட்டேன். ஒரு ஆளை வைத்துச் சொல்ல முடியாது, சில மாதம் போய்த் திரும்பப் பார்க்க வேண்டும் என்றார். ஆபரேஷனுக்காகக் கேட்ட கேள்விக்கு வந்த பதில் சுரங்க ஆபீசுக்குப் போகாது என்றும் சொன்னார். அதை அஞ்சலையிடம் சொன்னேன். அவள் நம்பியதாகத் தெரியவில்லை.

காலையில் கட்டுத் துணிகளை எடுத்து அப்பால் வைத்துவிட்டார்கள். வலது காலைப் பிடிக்க வார்டு ஆள் ஒருவர், இடது காலைப் பிடிக்கக் கோவிந்தன். முழங்காலின் வெளிப்பக்கம் கை படக்கூடாது, பாதத்தையும் தொடையையும் தாங்கித்தான் பிடிக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். கைகள் இரண்டையும் மார்பின் மேல் மடக்கி, பழந்துணியால் தளர்வாகச் சுற்றினார்கள். தேவசகாயம் தலைமாட்டில் நின்று குளோரோபாரத் துணியைப் பிடித்தார். ஏழுமலை ஏதோ ஒரு லெவலின் பேரைச் சொல்லிக்கொண்டே தூங்கிப்போனார்.

கத்தி உள்ளே போனபின் அறையில் மூச்சுச் சத்தம் மட்டும்தான். கோவிந்தனின் தோளில் வேர்வை ஓடியது. டாக்டர் இடுக்கியை விட்டுத் தேடிக்கொண்டிருந்தபோது உடம்பு ஒரு தரம் துள்ளியது. கோவிந்தன் விடவில்லை. டாக்டர் கையை அப்படியே நிறுத்தினார். தேவசகாயம் குளோரோபாரம் இன்னும் சில சொட்டு விட்டார். ஆனால் அந்தத் துள்ளலில் துணி அவிழ்ந்து இடது கை மார்பிலிருந்து சரிந்து, முழங்கை மேஜை விளிம்பில் விழுந்து, பலகையின் கூர்முனை சரியாக, டாக்டர் உருட்டிப் பார்த்த அந்த இடத்தில் பதிந்தது.

யாருக்கும் கை ஓய்வில்லை. தேவசகாயம் பார்த்தார், துணியை விட முடியாது. கோவிந்தன் பார்த்தான், காலை விட முடியாது. நான் சுவரோரம் நின்றுகொண்டிருந்தேன். எதையும் தொடக்கூடாது என்பது எனக்கு இட்ட கட்டளை. டாக்டர் தலையை நிமிர்த்தாமலே, கையைத் தூக்கு, அழுத்தாதே என்றார். போய்த் தூக்கினேன். கடைசிவரை அந்தக் கையை என் இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திக்கொண்டு நின்றேன். அதற்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. நாள், நாழிகை பார்த்து எழுதுகிறவன் நான், அந்த ஒன்றைக் குறிக்கவில்லை.

கல் வெளியே வந்தது. நெல்லிக்காயளவு.

7

மயக்கம் தெளிந்து, வாந்தி நின்றபின் டாக்டர் வந்தார். விரல்களை விரிக்கச் சொன்னார். விரித்தார். மூன்று விரல் நன்றாக, இரண்டு முன்போலவே மந்தமாக. முன்னைவிட மோசமில்லை. பாதங்களைத் தூக்கச் சொன்னார். இரண்டும் தூங்கி எழுந்த பூனை மாதிரி மெல்ல நிமிர்ந்தன. கோவிந்தன் கல்லைக் கையில் உருட்டிப் பார்த்து, "அவுன்ஸு கணக்குல இன்னா தேறும்? சொரங்க கேட்டுல சோதனை போடறவன் இத்த வெளிய வுட மாட்டானே," என்றான்.

ஆனால் அடுத்த நாளே பக்கத்துக் கட்டில்காரர் வேறு கட்டில் கேட்டார். எதிர்க் கட்டில்காரர் தன் குவளையைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். வார்டில் அன்று எல்லோரும்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். டாக்டர் வாக்குக் கொடுத்தது ஆபீசைப் பற்றி, லைனைப் பற்றி அல்ல. நான்கு நாளில் செய்தி தட்டி வீடுகள்வரை போய்விட்டது.

இனி நடந்ததை என் மனைவி பார்த்தாள், நான் பார்க்கவில்லை. தண்ணீர் பிடிக்கும் இடத்தில் அஞ்சலை வந்ததும் மற்றப் பெண்கள் தங்கள் குடங்களை நகர்த்தினார்களாம். அஞ்சலை தன் குடத்தைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றாளாம்.

"எம் புருஷனுக்கு எடது கையில ரெண்டு வெரலு மரத்திருக்குது. சுண்டு வெரலும் அடுத்ததும். டாக்டரு பாத்துட்டாரு, இன்னும் ஒண்ணும் சொல்லல. கேக்கறவ எல்லாம் மூஞ்சியப் பாத்துக் கேளு. கொடத்த நவுத்தாதே."

கொஞ்ச நேரம் கழித்து, கடைசியில் நின்ற ஒரு பெண் அவளிடம் வந்து, எந்தக் கை என்று மட்டும் திரும்ப விசாரித்தாளாம். இடது கை என்றதும் தலையை ஆட்டிவிட்டுத் தண்ணீரே பிடிக்காமல் போய்விட்டாளாம்.

அந்தப் பெண்ணின் புருஷன் மறுநாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றார். அதற்கு மறுநாள் இன்னும் சிலர். ஒருவர் தோளின் பின்னால் இன்னொருவர் ஒளிந்துகொண்டு, வயிற்றுவலி, காய்ச்சல் என்று சொல்லி உள்ளே வந்து, கதவு சாத்தியபின் இடது கையை நீட்டினார்கள். எல்லோருக்கும் அதே இரண்டு விரல். யாருக்கும் தேமல் இல்லை. டாக்டர் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, ஒவ்வொருவரையும் சுரங்கத்தில் என்ன வேலை என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். கம்பி பிடிப்பது. கம்பி பிடிப்பது. கடைசி ஆள் வரை அதே பதில். சம்மட்டி அடிக்கிறவன் ஒருவன்கூட அவர்களில் இல்லை.

எப்படிப் பிடிப்பீர்கள் என்று காட்டச் சொன்னார். அவர்கள் வெறுங்கையோடு சுவர் ஓரமாகக் குந்தி, இடது முழங்கையைச் சுவரில் அண்டக்கொடுத்து, இல்லாத கம்பியை இறுக்கிப் பிடித்தார்கள். எல்லோரும் ஒரே மாதிரி. ஷிப்ட் முழுவதும் முழங்கை பாறையில், ஒவ்வொரு அடியின் அதிர்வும் அந்த எலும்பில். டாக்டர் ஒவ்வொருவரின் முழங்கையையும் தொட்டுப் பார்த்தார். பிறகு ஏழுமலையின் மனைவியை அழைத்துவரச் சொன்னார்.

அஞ்சலை கதவருகிலேயே நின்றாள். இது அந்த நோய் இல்லை, ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது, அந்த வேலையால் வந்தது, இதை யார் கேட்டாலும் நானே சொல்வேன் என்று டாக்டர் சொன்னார். ஒவ்வொரு சொல்லாக மாற்றிச் சொன்னேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை.

"நோவு இல்ல, வேலதான்னு சொல்றாரு. செரி. அடுத்த மாசம் அவரு மறுபடியும் உள்ள எறங்கி அதே கம்பியத்தான் புடிக்கணும். வேலைக்கு இன்னா வைத்தியம்னு கேளுங்க."

அதையும் ஆங்கிலத்தில் சொன்னேன். டாக்டர் சுவரோரம் குந்தியிருந்தவர்களிடம் போய், அந்தப் பிடியை இன்னொரு தரம் காட்டச் சொன்னார். அதைத் தமிழில் மாற்றிச் சொன்னேன்.